ஆலிஸ் செய்யாத சத்தியம்

ஹரிஸ் பார்க், சிட்னி
18 மே 2025

யாமினிக்கு,

பார்கவி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் ஜெகாவும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் அண்ணி ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று தோன்றும். வாட்ஸ்அப்பில் எதைப் போட்டாலும் அது திருச்சியில் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதுவும் போய்ச் சேரும். காகிதத்தை யாரும் ஃபார்வர்ட் பண்ண மாட்டார்கள்.

நேராகவே கேட்கிறேன். நான் பாலகிருஷ்ணனை விட்டு வந்து தனியாக வீடு எடுத்தது உனக்கும் ஜெகாவுக்கும் மட்டும்தான் தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போய், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்லிக்கொள்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் தாங்கவில்லை. அம்மா போனில், "ஏண்டி, பதினாலு வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்ப என்னடி தனி வீடு" என்று ஆரம்பித்தாள். மறுநாள் பாலகிருஷ்ணனின் பெரியப்பா சென்னையிலிருந்து ஜூம் லிங்க் அனுப்பினார். பஞ்சாயத்து. எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு மாமா அதில் மிக்சர் தின்றுகொண்டே என் வாழ்க்கையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜெகாவைக் கேட்டேன். வீடியோவிலேயே மயூராவைத் தூக்கி மடியில் வைத்து, அவள் தலையில் கை வைத்து, "சத்தியமா நான் சொல்லலைக்கா" என்றான். உன்னைக் கேட்டேன். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனவள் திரும்பி வரவே இல்லை.

எனக்கு ஒரே ஒரு வரி போதும். மயூரா தலைமேல் சத்தியமாக நான் சொல்லவில்லை என்று எழுதி அனுப்பு. நம்பிவிடுகிறேன், இந்தப் பேச்சையே பிறகு எடுக்க மாட்டேன். எழுதவில்லை என்றால் டிசம்பரில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு இங்கே வர வேண்டாம்.

பார்கவி


பொயிண்ட் குக், மெல்பர்ன்
27 மே 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. மயூராவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். சைல்ட்கேரில் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கிறது, வைரல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தாலும் இரண்டாம் தடவையும் கூட்டிப் போனேன். "யூ ஆர் எ வொரியர்" என்று சிரித்தார். நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்களா, அல்லது கீழே கடையில் தோசை வாங்கி ஓட்டுகிறீர்களா? அதையும் எழுதுங்கள்.

அண்ணி, நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் குழந்தை தலைமேல் சத்தியம் செய்ய மாட்டேன். கோபப்படாமல் மேலே படியுங்கள். மயூரா பிறந்தபோது வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து எனக்குப் பத்தியச் சாப்பாடு செய்து போட்டது நீங்கள். அவள் அழுதால் எனக்கு முன்னால் எழுந்தது நீங்கள். இந்த நாட்டில் எனக்கு இருக்கும் ஒரே சொந்தம் உங்கள் கதவு. அது மூடிவிடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் வீட்டிலிருந்து செய்கிற வேலையைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறேனா? நகரத்தில் ஒரு சின்ன நூலகம் பழைய ஆங்கிலத் துண்டுநூல்களை ஸ்கேன் செய்கிறது. கம்ப்யூட்டர் அதைப் படித்து எழுத்தாக மாற்றும். அந்தக் காலத்து 'எஸ்' பாதி இடத்தில் 'எஃப்' மாதிரி இருப்பதால் அது தப்புத் தப்பாகப் படிக்கும். நான் படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். இப்போது வந்திருக்கும் கட்டு முழுக்கக் குவேக்கர்கள் என்ற ஒரு கூட்டத்தார் எழுதியது. முந்நூற்று அறுபது வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து. பூசாரி கிடையாது, பாட்டு கிடையாது, ஒரு அறையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அதற்கே சிறை. இவர்கள் நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஆமா என்றால் ஆமா, இல்லை என்றால் இல்லை, அதற்குமேல் ஒரு சொல் சேர்க்க மாட்டோம் என்பது அவர்கள் கட்டுப்பாடு.

அதில் ஆலிஸ் என்று ஒருத்தி. வெண்ணெய் விற்றவள். கைக்குழந்தையோடு சிறைக்குப் போனவள். உங்கள் கடிதம் வந்த அன்று நான் அவளுடைய மூன்றாம் பக்கத்தில் இருந்தேன். மாஜிஸ்திரேட் சொல்கிறார், "வெறும் வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் பிள்ளையோடு வீட்டுக்குப் போயேன்." அவள் சொல்கிறாள், "வெறும் வார்த்தைதான் என்றால் என் வார்த்தையையே எடுத்துக்கொள்ளேன்."

எனக்கும் அதைத் தவிர வேறு பதில் இல்லை, அண்ணி.

சைல்ட்கேர் வாசலில் காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உங்கள்
யாமினி


ஹரிஸ் பார்க்
5 ஜூன் 2025

யாமினிக்கு,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா? நான் தோசைதான் தின்கிறேன். அதனால் யாரும் செத்துப்போகவில்லை.

ஒரு வரி கேட்டேன், வரலாறு அனுப்பியிருக்கிறாய். நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக எட்டு வருடம் நின்றவள். நேராகப் பதில் சொல்ல முடியாதவர்கள்தான் ஊர்க்கதை பேசுவார்கள். மடியில் கனமில்லாதவளுக்கு ஒரு சத்தியம் செய்ய என்ன கஷ்டம்? ஜெகாவுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நீ செய்ய மாட்டேன் என்று எழுதியதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று உனக்கே தெரியும். அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

பார்கவி

அந்தப் பெண் மாஜிஸ்திரேட்டை "எடுத்துக்கொள்ளேன்" என்று ஒருமையில் சொன்னாளா, அல்லது நீ அவசரத்தில் அப்படி எழுதிவிட்டாயா? பாரமட்டா கோர்ட்டில் நான் அப்படி மொழிபெயர்த்தால் வேலை போய்விடும்.


பொயிண்ட் குக்
16 ஜூன் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

காய்ச்சல் விட்டது, இருமல் இருக்கிறது. நான் விக்ஸ் தடவுகிறேன், சைல்ட்கேர்காரர்கள் ஈமெயில் போடுகிறார்கள். உங்களுக்குக் குளிரில் முழங்கால் வலிக்குமே, ஹீட்டர் இருக்கிறதா அந்த வீட்டில்?

அவள் ஒருமையில்தான் சொன்னாள். அவசரமே இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலத்திலும் நம்மைப் போல 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. பெரிய மனிதர்களை 'நீங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். இவர்கள் எல்லோரையும் 'நீ' என்பார்கள். மனிதருக்குள் உயர்த்தி தாழ்த்தி கிடையாதாம். ஆண்கள் யார் முன்னாலும் தொப்பியைக் கழற்ற மாட்டார்கள். பிரார்த்தனைக்கு மட்டும் கழற்றுவார்கள். ஒருத்தர் கோர்ட்டுக்குள் வரும்போதே காவலாளி அவர் தொப்பியைப் பிடுங்கினான், நீதிபதி மறுபடி போட வைத்து, ஏன் தொப்பியோடு நிற்கிறாய் என்று அபராதம் போட்டார். இதைப் படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மயூரா வந்து "வாட் இஸ் ஃபன்னி அம்மா" என்றாள்.

ஆனால் அடுத்த பக்கம் சிரிப்பாக இல்லை. ஆலிஸைப் பிடித்தது கூட்டத்தில் உட்கார்ந்ததற்காக. அதற்குச் சரியான சாட்சி கிடைக்கவில்லை. விட்டுவிட வேண்டியதுதானே? விடவில்லை. "சரி, ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்" என்று நீட்டினார்கள். ராஜாவுக்கு அவள் விரோதி இல்லை. அதை வாயால் சொல்லவும் சொன்னாள். ஆனால் சத்தியம் செய்ய மாட்டாளே. அந்த மறுப்பே குற்றம். அதற்குத் தண்டனை சொத்துப் பறிமுதல், ராஜா மனமிரங்கும்வரை சிறை. வேறு எதிலும் சிக்காதவர்களையெல்லாம் இதை வைத்தே உள்ளே தள்ளியிருக்கிறார்கள்.

அவளுக்கு முதலில் மேல்தளத்தில் அறை கிடைத்தது. பிறகு காவலாளிக்குக் கோபம் வந்து கீழே ஈரத் தரைக்கு மாற்றிவிட்டான். பிள்ளை அங்கேதான் நடக்கப் பழகியது என்று எழுதியிருக்கிறாள். எனக்கு அன்றைக்கு அதற்குமேல் வேலை ஓடவில்லை.

உங்கள் தம்பி நலம். ஏப்ரலில் பிடித்த முதுகு வலி போய்விட்டது. ஆபீஸ் நாற்காலியால் வந்ததாம், மாற்றச் சொன்னேன், மாற்றவில்லை. ஒரு விஷயம் கவனித்தேன். முன்பெல்லாம் மயூராவைத் தூங்க வைக்கும்போது தலையைக் கோதிக்கொண்டே இருப்பார். கொஞ்ச நாளாகக் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தட்டிக்கொடுக்கிறார். அவளுக்கு அதில் தூக்கம் வருவதில்லை. "ஹெட், ஹெட்" என்கிறாள். நான் போய்க் கோத வேண்டியிருக்கிறது.

கோபம் குறையாவிட்டாலும் எழுதுங்கள்.

யாமினி


ஹரிஸ் பார்க்
20 ஜூலை 2025

யாமினிக்கு,

ஹீட்டர் இருக்கிறது. முழங்காலும் இருக்கிறது. மயூராவின் இருமலுக்கு விக்ஸ் வேண்டாம், துளசியை வெந்நீரில் போட்டுக் கொடு. உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

போன வாரம் கோர்ட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா சாட்சி சொல்ல வந்தார். வழக்கு என்ன என்பது உனக்கு வேண்டாம், நானும் சொல்லக் கூடாது. எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன். "சத்தியம் செய்யிறீங்களா, உறுதிமொழி எடுக்கிறீங்களா?" அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, சத்தியம் பண்ணாட்டி நான் பொய் சொல்லுவன் எண்டு அந்த ஐயா நினைக்கிறாரோ?"

சாட்சி சொல்வதை அப்படியே மாற்ற வேண்டியது என் வேலை, மாற்றினேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியைத் துடைத்தார். அந்த அம்மா என் பக்கம் குனிந்து, "நடந்ததைச் சொல்லத்தானே வந்தனான். கேட்டுப்போட்டு விடச் சொல்லுங்கோ, பஸ்ஸைப் பிடிக்கோணும்" என்றார். கடைசியில் உறுதிமொழி எடுத்தார். "ஓம், ஓம், உண்மைதான் சொல்லுவன்." முடிந்தது.

மத்தியானம் அங்கே இருக்கும் ஒரு வக்கீல் பெண்ணிடம் கேட்டேன், இந்த உறுதிமொழி எங்கிருந்து வந்தது என்று. அவள் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே, "இங்கிலாந்துச் சட்டம். குவேக்கர்களுக்காக முதலில் கொண்டுவந்தது" என்றாள். எட்டு வருடமாகத் தினமும் வாயில் போட்டு உருட்டுகிற வாக்கியம் உன் வெண்ணெய்க்காரிகள் சிறையில் கிடந்து வாங்கியது என்று எனக்குத் தெரியாது. அது முழு நாளும் என்னை விடவில்லை.

அதனால் ஒரு படி இறங்கி வருகிறேன். குழந்தை தலை வேண்டாம். சத்தியமும் வேண்டாம். கோர்ட்டில் ஏற்றுக்கொள்வதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். "உறுதி கூறுகிறேன்" என்று ஒரு வரி எழுது.

இன்னொன்று. சத்தியத்தை நீட்டினார்களே, அந்த மாஜிஸ்திரேட்டுகள். அவள் செய்ய மாட்டாள் என்று அவர்களுக்கு முன்பே தெரியுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

பார்கவி


பொயிண்ட் குக்
29 ஜூலை 2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்பெட்டியிலிருந்து எடுத்து அங்கேயே மழையில் நின்று படித்தேன். இங்கே எங்களுக்கு இப்போது குறை ஒன்றுமில்லை. துளசி கொடுத்தேன், துப்பிவிட்டாள். பிறகு தேன் கலந்து கொடுத்தேன்.

அண்ணி, முதல் கடிதத்திலேயே "நான் சொல்லவில்லை" என்று எழுதினேன். நான் கூறிய உறுதி அதுதான். அதற்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி எழுதினால், முன்பு எழுதியது என்ன ஆகும்? அது கொஞ்சம் பொய்யா? ஆலிஸ் கேட்பதும் இதையேதான். சத்தியம் செய்யும்போது மட்டும் உண்மை பேசுவேன் என்றால், சந்தையில் வெண்ணெய் புதுசு என்று சொன்னதை யார் நம்புவது?

பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். நான் பயந்தவள், உங்களுக்குத் தெரியும். மாடிப்படியில் இரண்டு கேட் போட்டவள். திராட்சையை நான்காக நறுக்கிக் கொடுப்பவள். சத்தியத்தை நம்புகிறேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. நம்பாவிட்டால் செய்துவிட்டுப் போயிருக்கலாம். மயூராவுக்குக் காய்ச்சல் வந்தபோது எனக்கு என்னென்னவோ தோன்றியது. அதை எழுத மாட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: தெரியும். அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் நீட்டினார்கள். "நீ செய்ய மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்" என்று ஒருத்தர் வாய்விட்டே சொன்னதாக எழுதியிருக்கிறாள். உண்மை என்ன என்பது அவருக்குத் தேவைப்படவில்லை.

கூட்டம் யார் வீட்டில் நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். அவள் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. பேசாமல் நின்றாள்.

நேற்றுத் திருத்திய பக்கத்தில் பக்கத்துவீட்டுக்காரன் ஒருவன் வருகிறான், செருப்புத் தைப்பவன். அவள் ராஜாவைச் சபித்தாள் என்று பைபிளை முத்தமிட்டுப் பொய்ச்சாட்சி சொன்னவன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவனைப் பற்றி ஆலிஸ் ஒரே வரிதான் எழுதியிருக்கிறாள். அவன் செய்த சத்தியத்தால் அவன் பிள்ளைகளுக்கு ஒரு தீங்கும் வராதிருக்கட்டும், பேசியது அவன் வாய், பிள்ளைகளுடையது அல்ல.

அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கம்ப்யூட்டர் அதில் ஒரு பிழையும் செய்யவில்லை.

இதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள், அண்ணி.

யாமினி


பொயிண்ட் குக்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

என் கடிதம் கிடைத்ததா? தபாலில் தொலைந்திருக்கும் என்று முதல் இரண்டு வாரம் நினைத்தேன். பிறகு உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். உங்கள் தம்பியிடம், "அண்ணி நல்லா இருக்காங்களா, பேசினீங்களா" என்று கேட்டேன். "மெசேஜ் போட்டேன், தம்ஸ் அப் வந்தது" என்றார். தம்ஸ் அப்பில் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.

மயூராவுக்கு மூன்று வயது முடிந்தது. நீங்கள் அனுப்பிய பாவாடை வந்தது. அதில் கடிதம் இருக்கும் என்று பெட்டியைக் கிழித்துப் பார்த்தேன். பாவாடையை உதறியும் பார்த்தேன். அவளுக்கு நீளம் சரியாக இருக்கிறது. போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி விழுந்தாள். கேக் வெட்டியதும் "சிட்னி அத்தைக்கு ஒரு பீஸ்" என்று தனியாக எடுத்து வைத்தாள். ஃப்ரீசரில் இருக்கிறது. தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஆலிஸின் கட்டில் கடைசித் தாள் ஸ்கேனில் இல்லை. வெளியே வந்தாளா என்று தெரியாமலே நின்றுபோகிறது. நூலகத்தில் கேட்டிருக்கிறேன். வேறொரு துண்டுநூலில் ஒன்று படித்தேன். ஒரு ஊரில் பெரியவர்கள் எல்லோரையும் சிறையில் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் பிள்ளைகளே போய் அந்த அறையில் பேசாமல் உட்கார்ந்தார்களாம். காவலர்கள் வந்து அடித்தும் எழுந்து போகவில்லையாம். மூன்று வயதில் ஒன்றைப் பேசாமல் உட்கார வைப்பது எப்படி என்று அவர்கள் எழுதி வைத்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும்.

கதவு மூடிவிட்டதென்றால் மூடிவிட்டது என்றாவது எழுதுங்கள்.

யாமினி


ஹரிஸ் பார்க்
11 அக்டோபர் 2025

அன்புள்ள யாமினிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. ஜூலைக் கடிதத்தை என் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மடிப்பில் கிழிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ரி ஹில்ஸில் அந்தக் குவேக்கர்கள் கூடும் இடத்துக்குப் போனேன். உன்னால்தான். முந்நூற்று அறுபது வருடமாக என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று போனேன். ஒன்றும் செய்யவில்லை. இருபது பேர் வட்டமாக நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. எனக்கு முதல் கால் மணியில் தூக்கம் வந்தது. அப்புறம் பக்கத்தில் ஒருத்தர் வயிறு கடமுடா என்றது, சிரிப்பு வந்தது. அப்புறம் வேறு வழியில்லாமல் யோசிக்க ஆரம்பித்தேன். முடிந்ததும் டீ கொடுத்தார்கள். கப் கழுவிக்கொண்டிருந்த ஆளிடம், "நீங்கள் சத்தியம் செய்வதில்லை, சரி. அப்போது ஒருத்தர் சொல்வது உண்மையா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவர், "பாதி நேரம் தெரியாது. மீதி நேரம் நமக்கே தெரியும், தெரியாத மாதிரி இருப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கப்பை எடுத்தார்.

அதற்குமேல் என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

யாமினி, உனக்கு ஒரு விஷயம் தெரியாது. ஏப்ரலில் ஜெகா ஆபீஸ் வேலையாக சிட்னி வந்தானே, அப்போதுதான் நான் இந்த வீட்டுக்கு மாறினேன். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. வாஷிங் மெஷினை அவன்தான் தூக்கிக்கொண்டு ஏறினான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. உன்னிடம் சொன்னால் பயந்து எம்.ஆர்.ஐ. வரைக்கும் போவாய் என்று, ஆபீஸ் நாற்காலி என்று சொல்லச் சொன்னதே நான்தான். அந்த நாற்காலியை இனிமேல் மாற்ற வேண்டாம்.

அம்மா என்னிடம் முதல்முதலில் போனில் கத்தினாளே, அன்றைக்கே கேட்டாள். "மூணு மாடி தம்பியை வாஷிங் மெஷின் தூக்க வெச்சியாமே, ஒரு ஆளை வைக்கக் கூடாதா? புள்ள ஒரு பக்கமாவே படுக்கறானாம்."

அன்றைக்கே. நான் உனக்கு முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னால்.

புரிகிறதா? அந்த வாஷிங் மெஷினைப் பற்றி எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவனிடம் சத்தியம் கேட்டேன். அவன் ஒப்புக்கொள்வான் என்று நினைத்தேன். குழந்தை தலையில் கை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. புருஷனை விட்டாயிற்று, அம்மா பேசுவதில்லை, தம்பியையும் பொய்யன் என்று சொல்லிவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? அதனால் உன்னிடம் கேட்டேன். நீ திராட்சையை நான்காக நறுக்குகிறவள். மயூரா தலைமேல் நீ சத்தியம் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும். செய்யாவிட்டால் நீதான் சொன்னாய் என்று வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருந்துவிடலாம். இதை நான் அப்போது இப்படிச் சொல்லிப் பார்த்துக்கொள்ளவில்லை. நீ அந்த மாஜிஸ்திரேட்டைப் பற்றி எழுதியதைப் படித்தபோதுதான் அதில் என் முகம் தெரிந்தது.

செருப்புத் தைப்பவனைப் பற்றி எழுதியிருந்தாயே. அதைப் படித்ததும் உனக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கடைசிவரை அவன் பெயரை நீ எழுதவில்லை.

மயூராவுக்குக் காய்ச்சல் வந்தபோது தோன்றியதை எழுத மாட்டேன் என்றாயே, அதற்கு நான் பதில் எழுதுகிறேன். அவள் தலைமேல் எதுவும் இல்லை. அந்தச் சத்தியத்தைக் கேட்டவள் நான். பாவம் என்று ஒன்று இருந்தால் அது கேட்டவளுக்கு, பிள்ளைக்கு இல்லை.

டிசம்பரில் வா. கேக்கை ஃப்ரீசரிலேயே வை.

உன்
பார்கவி


பொயிண்ட் குக்
22 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

தீபாவளிக்கு முந்தின நாள் உங்கள் கடிதம் வந்தது. இங்கே மயூரா மத்தாப்பு கேட்டு அழுததைத் தவிர வேறு குறையில்லை. நீங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா, ஸ்வீட் யாராவது கொடுத்தார்களா?

எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மே மாதம் ஒரு நாள் துணி காயப்போட கராஜுக்குள் போனேன். அவர் காரில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் திருச்சியிலிருந்து அத்தை அழுதுகொண்டிருந்தார்கள். "பொண்ணு போனை எடுக்க மாட்டேங்குறா, செத்துட்டாளா இருக்காளான்னாவது சொல்லுடா." அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். வாஷிங் மெஷின்வரைக்கும் நான் கேட்கவில்லை, கூடையோடு வெளியே வந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அத்தையிடம் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. உங்களிடம் உண்மை சொல்ல முடியவில்லை. எனக்கு இரண்டும் புரிந்தது. ஆனால் அவர் கை மயூரா தலைமேல் போனதைப் பார்த்தபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அதனால்தான் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்தேன். அடுப்பில் பாலே இல்லை, அண்ணி. அது நான் சொன்ன பொய்.

உங்கள் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாத்திரமெல்லாம் கழுவி வைத்தார், ஏற்கனவே கழுவியதையும்.

மறுநாள் காலையில் எண்ணெய் காய்ச்சினேன். தீபாவளிக்கு மயூராவுக்கு எண்ணெய் வைப்பது எப்போதும் அவர்தான். மணை போட்டு உட்கார வைத்துவிட்டு நான் நகர்ந்துகொண்டேன். அவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார். எண்ணெய் ஆறுகிற அளவுக்கு உட்கார்ந்திருந்தார். அவள் தலையைக் குனிந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"மயூ, அப்பா சிட்னி அத்தைகிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்டா. உன் தலையில கை வெச்சுச் சொன்னேன்."

அவள் நிமிரவில்லை. "ஓகே," என்றாள். "கண்ணுல படாம வைங்கப்பா."

அவர் வைத்தார். உச்சியில் ஆரம்பித்து, காதுக்குப் பின்னால், பிடரியில், எல்லா இடத்திலும் தேய்த்தார். அவளுக்குப் பொறுமை போய் "டூ மச், டூ மச்" என்று கத்தும்வரை தேய்த்தார். அன்றைக்குத் தலையை மூன்று முறை அலச வேண்டியிருந்தது. தலையணை உறையில் இன்னும் கறை இருக்கிறது, நான் மாற்றவில்லை.

இரவு தூங்க வைத்தது அவர்தான். கால்மாட்டில் உட்காரவில்லை.

நூலகத்திலிருந்து பதில் வந்தது. ஆலிஸின் கடைசித் தாள் அவர்களிடமும் இல்லை. அவள் வெளியே வந்தாள் என்று நான் வைத்துக்கொள்கிறேன். பிள்ளையும் அவளோடு நடந்து வந்தது என்றும்.

நேற்று அவர் என்னிடம், "அக்காவுக்குப் போன் பண்ணலாமான்னு நீயே எழுதிக் கேளேன்" என்றார். நீங்களே கேளுங்கள் என்றேன். "நான் கேட்டா நம்புவாளா" என்றார். அதனால் கேட்கிறேன். அவர் பேச வேண்டும் என்கிறார். பேசினால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குச் சம்மதமா? காரணமெல்லாம் எழுத வேண்டாம்.

உங்கள்
யாமினி


ஹரிஸ் பார்க்
28 அக்டோபர் 2025

யாமினி,

ஆமா.

பார்கவி